புல்வெட்டிக்கு வேறு எஞ்சின்: தண்டு நிற்கிறதா, படுத்திருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

மாரி மழை ஓய்ந்து மைதானங்களிலும் பாடசாலை வளவுகளிலும் புல் முழங்கால் அளவுக்கு எழும்பும் காலத்தில்தான் புல்வெட்டிகளும் பழுதாகின்றன. எஞ்சினை மாற்றுவது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களுக்கே இம்முறை பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் விளையாட்டுக் கழக மைதானத்துக்கென்று கனடாவில் வாழும் ஊரவர்கள் அனுப்பிய, தள்ளிச் செல்லும் பெற்றோல் புல்வெட்டி ஒன்று எங்களிடம் உள்ளது. பிளேட்டின் நீளம் 53 சென்ரிமீற்றர். அண்மையில் புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது பெரும் சத்தத்துடன் எஞ்சின் நின்றது. பக்கவாட்டில் ஓட்டை விழுந்து ஒயில் முழுவதும் வடிந்துவிட்டது. மற்றப் பாகங்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. கழக உறுப்பினர் ஒருவரிடம் பாவனையின்றிக் கிடக்கும் 5.5 பரிவலுத் தண்ணீர்ப் பம்பு எஞ்சின் உண்டு. பழைய பொருட்கள் விற்கும் கடையொன்றில், சேர்விஸ் நிலையத்தில் வாகனம் கழுவும் பம்பிலிருந்து கழற்றிய ஹொண்டா எஞ்சினும் இருக்கிறது. இரண்டில் எதைப் பூட்டலாம்?
— கழகச் செயலாளர், கல்லடி.

பதில்: பம்பு எஞ்சினை உங்கள் புல்வெட்டியில் பூட்ட முடியாது. சேர்விஸ் நிலையத்து எஞ்சினைப் பூட்ட முடியும். ஆயினும் பூட்ட வேண்டாம் என்றே சொல்வேன். காரணங்கள் வேறு வேறானவை என்பதால் தனித்தனியே விளக்குகிறேன்.

தள்ளிச் செல்லும் புல்வெட்டியில் எஞ்சினின் சுழலும் தண்டாகிய கிராங் தண்டு செங்குத்தாக நின்று, பிளேட்டை மூடியிருக்கும் கூட்டின் நடுத்துளையூடாகக் கீழே இறங்கி, பிளேட்டை நேரடியாகவே சுழற்றுகிறது. தண்ணீர்ப் பம்பு, மின்பிறப்பாக்கி, கொங்கிறீட் கலக்கும் இயந்திரம் போன்றவற்றின் எஞ்சின்களில் அதே தண்டு கிடையாகப் படுத்திருக்கிறது. எஞ்சினைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் படுத்த தண்டும் நின்றுவிடுமே என்று பலரும் கேட்கிறார்கள். வெளியே நின்றுவிடும், உள்ளே எதுவும் ஒழுங்காக நடக்காது. படுத்த தண்டு எஞ்சினில், பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கொன்றொட்டின் அடியில் சிறிய உலோக நாக்கு ஒன்று நீண்டிருக்கும். தண்டு சுழலும் ஒவ்வொரு தடவையும் அது அடியிலுள்ள ஒயிலில் தோய்ந்து, அதை மேலே வீசியடித்து, பிஸ்டன், சிலிண்டர், பெயாரிங் அனைத்தையும் நனைக்கிறது. எஞ்சினைச் சாய்த்ததும் ஒயில் வேறொரு சுவரோரத்தில் போய்த் தங்குகிறது. நாக்கு வெறும் காற்றை அடிக்கிறது. உலோகம் உலோகத்தில் உரசி எஞ்சின் விரைவிலேயே இறுகிவிடுகிறது. உங்கள் பழைய எஞ்சினில் விழுந்த ஓட்டையும், பெரும்பாலும், ஒயில் போதாமல் கொன்றொட் உடைந்து சுவரைக் குத்தியதால் வந்ததாகவே இருக்கும். காபரேட்டரிலுள்ள மிதவையும் நிமிர்ந்த நிலையில் மட்டுமே வேலை செய்யும். சாய்த்தால் பெற்றோல் ஒன்றில் வராது, அல்லது நிற்காமல் வழிந்துகொண்டிருக்கும். இவ்வகை எஞ்சின்களை 20 பாகைக்கு மேல் சாய்த்து இயக்கக் கூடாது என்பது பொதுவான வரம்பு. நீங்கள் சாய்க்க நினைப்பது 90 பாகை. நின்ற தண்டு எஞ்சின்களில் ஒயிலை வீசுவதற்கென்றே அடியில் வேறு பற்சில்லு வைக்கப்பட்டிருக்கிறது. வெளித்தோற்றம் ஒத்திருந்தாலும் இவை இரண்டும் தொடக்கத்திலிருந்தே வேறு வேறாக வடிவமைக்கப்பட்ட எஞ்சின்கள்.

இனி, சேர்விஸ் நிலையத்து எஞ்சின். அது ஹொண்டா ஜிசிவி160 ஆக இருந்தால், 160 சீசீ கொள்ளளவுடைய, நின்ற தண்டு எஞ்சின்தான். 53 சென்ரிமீற்றர் பிளேட்டுக்கு அதன் வலு தாராளமாகப் போதும். பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுவது இங்குதான் நடக்கிறது. அதே பெயரில் புல்வெட்டிக்கென்று ஒரு வகையும் உயர் அழுத்த நீர்ப் பம்புக்கென்று வேறொரு வகையும் தயாரிக்கப்படுகின்றன. தண்டின் நீளம், தண்டோடு சேர்ந்து சுழலும் பிளைவீல் சக்கரத்தின் எடை, சுழலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அமைக்கப்பட்டுள்ள அளவு, பிரேக் உண்டா இல்லையா என்பன வகைக்கு வகை மாறும். எஞ்சினில் தொடர் இலக்கத்துக்கு அருகே பொறிக்கப்பட்டிருக்கும் வகைக் குறியீட்டை எழுதிக்கொண்டு வந்து, ஹொண்டா வெளியிடும் உதிரிப்பாகப் பட்டியலோடு ஒப்பிட்டால் எது எதற்கானது என்று தெரிந்துவிடும்.

இவற்றுள் பிரேக் பற்றியே நான் அதிகம் கவலைப்படுகிறேன். புல்வெட்டியின் கைபிடியோடு சேர்த்துப் பிடிக்கும் கம்பி ஒன்று உங்கள் இயந்திரத்தில் இருக்கும். அதை விட்டதும் கேபிள் இழுபட்டு, பிளைவீலின் விளிம்பில் பிரேக் கட்டை அழுந்துகிறது. அதே கணத்தில் தீப்பொறியும் துண்டிக்கப்படுகிறது. கையை விட்ட 3 செக்கன்களுக்குள் பிளேட் நின்றுவிட வேண்டும் என்பது தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளுக்கு அமெரிக்காவில் 1982 முதல் நடைமுறையில் உள்ள விதி. பம்புக்கென்று செய்த எஞ்சினில் இந்தப் பிரேக் இராது. பிளைவீலும் பாரமாக இருக்கும். சுவிச்சை நிறுத்திய பின்னரும் பிளேட் தன் பாட்டில் சுழன்றுகொண்டிருக்கும். சத்தம் அடங்கிவிட்டதால் பார்ப்பவருக்கு அது நின்றுவிட்டது போலவே தோன்றும். சிக்கிய புல்லை எடுக்கக் கையை நுழைப்பவர் விரலை இழப்பது அந்தச் சில செக்கன்களில்தான். வேறொரு தயாரிப்பின் பிரேக்கைக் கழற்றி இதில் பொருத்துவது, கட்டையின் இருக்கை, பிளைவீலின் விட்டம், கேபிளின் இழுப்புத் தூரம் மூன்றும் ஒத்துவராததால், பெரும்பாலும் கைகூடாது. பிள்ளைகள் பந்து பொறுக்க ஓடிவரும் மைதானத்தில் பிரேக் இல்லாத எஞ்சினைப் பூட்டுவதற்கு என்னால் சம்மதிக்க முடியாது.

அடுத்தது வேகம். 53 சென்ரிமீற்றர் பிளேட் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 1.66 மீற்றர். நிமிடத்துக்கு 3000 சுற்றுகளில் அதன் நுனி செக்கனுக்கு 83 மீற்றர், அதாவது மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் செல்கிறது. பம்பு எஞ்சின்களில் வழக்கமான 3600 சுற்றுகளில் அது செக்கனுக்கு 100 மீற்றரைத் தொடுகிறது. அமெரிக்கப் புல்வெட்டித் தரம் அனுமதிக்கும் உச்சம் நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது செக்கனுக்கு 96.5 மீற்றர். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அதே வேகத்தில் தெறிக்கும் கல்லின் தாக்கும் சக்தி 1.44 மடங்காகிறது. கவர்னரைத் தளர்த்தி வேகத்தைக் குறைக்க முடியும். ஆனால் சுற்றுகளை அளக்கும் டக்கோமீற்றர் வைத்து அளந்தே குறைக்க வேண்டும். எவ்வளவு அனுபவமுள்ள மெக்கானிக்காயினும், சத்தத்தைக் கேட்டு 3000க்கும் 3600க்கும் இடையில் வேகத்தை அமைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது, இன்னொரு புல்வெட்டியிலிருந்து கழற்றிய, பிரேக்குடன் கூடிய நின்ற தண்டு எஞ்சின். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பது பெரிய விடயமல்ல. 140 முதல் 190 சீசீ வரையில் எதுவும் பொருந்தும். கடைக்காரரிடம் முதலில் பரிவலுவைக் கேட்பது எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது; கடைசியாகக் கேட்க வேண்டியது அது. வேணியர் இடுக்கி, அளவுநாடா, ஒரு காட்போட் மட்டை ஆகியவற்றைக் கொண்டு போங்கள்.

தண்டின் விட்டத்தை முதலில் அளவுங்கள். தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளில் மிகப் பொதுவானது எட்டில் ஏழு அங்குலம், அதாவது 22.2 மில்லிமீற்றர். ஏறி அமர்ந்து ஓட்டும் பெரிய புல்வெட்டிகளில் 1 அங்குலம், 25.4 மில்லிமீற்றர் வரும். பிளேட்டைத் தண்டோடு இணைக்கும் அடாப்டர் தண்டுக்கு இறுக்கமாகப் பொருந்த வேண்டும். விட்டம் மாறினால் புதிய அடாப்டரை லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். தகரம் சுற்றியோ வளையம் செருகியோ சமாளிக்க வேண்டாம், மையம் அரை மில்லிமீற்றர் விலகினாலும் கைபிடி நடுங்கத் தொடங்கும். பிறகு, எஞ்சினின் அடித்தளத்திலிருந்து தண்டின் நுனி வரையுள்ள நீளத்தைப் பழைய எஞ்சினோடு ஒப்பிடுங்கள். நீளம் கூடினால் பிளேட் கூட்டின் விளிம்புக்குக் கீழே வெளியே தெரியும். அந்த நிலையில் ஒரு தடவைகூட இயக்கக் கூடாது. குறைந்தால் பிளேட் கூட்டின் கூரையை நெருங்கிவிடும், புல் சீராக வெட்டுப்படாது. சில்லுகளைத் தானே இழுத்துச் செல்லும் புல்வெட்டியாயின், பிளேட்டுக்கு மேலே பெல்ட் கப்பிக்கும் தண்டில் இடம் வேண்டும். தண்டின் நுனியில் பிளேட் போல்ட்டுக்கான மரையும் இருக்க வேண்டும். அமெரிக்க, கனடியப் புல்வெட்டிகளில் அது பெரும்பாலும் எட்டில் மூன்று அங்குலம், அங்குலத்துக்கு 24 மரைகள் உடையது. நம் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 10 மில்லிமீற்றர் போல்ட்டை அதில் வலிந்து ஏற்றினால் தண்டின் மரை சிதைந்து, நல்ல எஞ்சினே வீணாகிவிடும்.

காட்போட் மட்டையில் தண்டின் துளையையும் மூன்று போல்ட் துளைகளையும் குறித்துக்கொண்டு வந்து, கூட்டின் மேல் வைத்துப் பாருங்கள். துளைகள் ஒத்துவராவிட்டால் பழைய துளைகளை அரத்தால் அகட்டாமல், உருக்குக் கூடாயின் புதிய துளைகள் இடலாம். பழைய துளைகளும் புதியவையும் நெருங்கி வந்தால், 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள உருக்குத் தகடு ஒன்றை இடையில் வைத்து வலுவூட்டுவது நல்லது. அப்போது எஞ்சின் 5 மில்லிமீற்றர் மேலே எழும்பி, தண்டு அந்த அளவுக்குக் குறுகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி பெற்றோல் தாங்கியின் பக்கமோ தள்ளுபவரின் காலின் பக்கமோ திரும்பியிருக்கக் கூடாது.

கடையில் எஞ்சினை இயக்கிக் காட்டும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். புல்வெட்டி எஞ்சினின் பிளைவீல் பெரும்பாலும் இலேசான அலுமினியத்தால் ஆனது. சுழற்சியைத் தொடர்ந்து கொண்டுசெல்லும் பாரத்தைப் பிளேட்டே தருகிறது. பிளேட் இல்லாமல் கயிற்றை இழுத்தால் அது கையைப் பின்னோக்கி வெட்டி இழுக்கும், இயங்கவும் மறுக்கும். நல்ல எஞ்சினையும் இதனால் பழுது என்று ஒதுக்கியவர்கள் உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெதுவாக இழுத்து, தண்டின் நுனி ஆடாமல் நேராகச் சுழல்கிறதா என்று பார்ப்பதும், பிளக் துளையை விரலால் அடைத்து அழுத்தம் தள்ளுகிறதா என்று பார்ப்பதும் கடையிலேயே செய்யக்கூடியவை.

பூட்டும் வேலையைத் தொடங்குமுன் பிளக் வயரைக் கழற்றி அப்பால் கட்டிவிடுங்கள். பிளேட்டைக் கையால் திருப்பினாலே எஞ்சின் ஒரு தரம் வெடித்துச் சுழலக்கூடும். கடற்காற்றுப் படும் உங்கள் பகுதியில் பழைய அடாப்டர் துருப்பிடித்துத் தண்டோடு ஒட்டியிருக்கும். துருநீக்கி எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, புளரால் இழுத்து எடுங்கள். பழைய எஞ்சின் எப்படியும் போய்விட்டது என்று தண்டின் நுனியில் சுத்தியலால் அடித்தால், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. உங்களுக்கு வேண்டிய அடாப்டர்தான் வெடிக்கும். புதிய எஞ்சினைப் பூட்டியபின், வெப்பமான நம் பகுதிக்கு எஸ்ஏஈ 30 ஒயில் பொருத்தம். 160 சீசீ எஞ்சினுக்கு அரை லீற்றரைவிடச் சற்றுக் கூடுதலாகச் செல்லும். ஒயில் குச்சியில் பார்த்து மேல் கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். 92 ஒக்டேன் பெற்றோலே போதும். முதல் 5 மணி நேர ஓட்டத்தின் பின் ஒயிலை மாற்றிவிடுங்கள். கழற்றிக் கழுவிப் பூட்டிய எஞ்சினாயின் இது இன்னும் அவசியம். கல்லடி, நாவலடி மணலில் வெட்டும்போது பிளேட்டே மணலைக் கிளப்பி எயார் கிளீனருக்கு அனுப்புகிறது. கையேடு 25 மணிக்கு ஒரு தடவை துப்புரவு செய்யச் சொன்னாலும், நீங்கள் ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் அதைத் திறந்து பாருங்கள்.

கேள்வி: வீட்டு வளவில் புல் வெட்டும்போது, மறைந்திருந்த தென்னங்குற்றியில் பிளேட் மோதி எஞ்சின் நின்றது. இப்போது கயிற்றை இழுத்தால் கை நோகும் அளவுக்குத் திருப்பி அடிக்கிறது, எஞ்சின் இயங்கவில்லை. எஞ்சின் போய்விட்டது, வேறு பூட்ட வேண்டும் என்கிறார் மெக்கானிக். அப்படித்தானா?
— வாசகர், ஏறாவூர்.

பதில்: அவசரப்பட வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எஞ்சின் உடைந்ததற்கானவை அல்ல. பிளைவீலின் கீ வெட்டுப்பட்டதற்கானவை. பிளைவீலையும் கிராங் தண்டையும் ஒரே நிலையில் பிடித்து வைத்திருப்பது விரல் நகத்தளவான அந்த உலோகத் துண்டு. பிளேட் எதிலாவது மோதித் தண்டு திடீரென நிற்கும்போது, வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த பிளைவீல் நிற்க மறுத்து இன்னும் சற்றுத் திரும்புகிறது. இடையில் உள்ள கீ வெட்டுப்படுகிறது. பிளைவீலின் காந்தம் கொயிலைக் கடக்கும் நேரத்தில்தான் தீப்பொறி பிறக்கிறது. பிளைவீல் சிறிதளவு இடம் மாறினாலே தீப்பொறி தவறான நேரத்தில் விழுந்து, மேலே வரும் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. உங்கள் கையை அடித்தது அதுதான்.

பிளக் வயரைக் கழற்றியபின், கயிறு சுற்றும் மேல்மூடியையும் பிளைவீல் நட்டையும் கழற்றி, மேலிருந்து பாருங்கள். தண்டிலுள்ள பள்ளமும் பிளைவீலிலுள்ள பள்ளமும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். படிபோல் விலகித் தெரிந்தால் கீ வெட்டுப்பட்டது உறுதி. பிளைவீலைப் புளரால் எடுத்து, அதே வகைப் புதிய கீயைப் போடுங்கள். பல புல்வெட்டிகளில் இந்தக் கீயை மென்மையான உலோகத்தில் செய்திருப்பார்கள். அந்த இடத்தில் கடினமான இரும்பை அராவிப் போட்டுவிட்டால், அடுத்த மோதலின் முழு அடியையும் தண்டும் பிளைவீலும் வாங்கிக்கொள்ளும்.

அத்துடன் வேலை முடியவில்லை. பிளக்கைக் கழற்றி, பெற்றோலை வடித்துவிட்டு, எயார் கிளீனர் மேற்பக்கம் இருக்குமாறு புல்வெட்டியைச் சாய்த்து வையுங்கள். பிளேட்டைக் கழற்றியபின் தண்டின் நுனிக்கருகே ஒரு கம்பியை அசையாமல் நிறுத்தி, கயிற்றை மெதுவாக இழுங்கள். கம்பிக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி சுற்று முழுவதும் மாறாதிருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. மாறினால் தண்டு வளைந்துவிட்டது. அப்போது மெக்கானிக் சொன்னது சரியாகிவிடுகிறது. வளைந்த தண்டைத் தட்டி நேராக்கித் தருவதாக யாரும் சொன்னால் இணங்காதீர்கள். நேராக்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்து, பிளேட்டோடு சேர்ந்து தண்டு முறிந்து பறக்கக்கூடும்.

கேள்வி: எங்கள் ஊர் மையவாடியைத் துப்புரவு செய்யப் பயன்படுத்திய புல்வெட்டியின் எஞ்சின் பழுதாகிவிட்டது. தோளில் மாட்டும் புல்வெட்டியின் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எந்தப் பக்கம் சாய்த்தாலும் இயங்குகிறதே. அதைக் கழற்றி இதில் பூட்டலாமா?
— வாசகர், நிந்தவூர்.

பதில்: அது சாய்ந்தாலும் இயங்கும் என்பது உண்மை. அதன் ஒயில் பெற்றோலோடு கலந்தே செல்கிறது. காபரேட்டரிலும் மிதவைக்குப் பதில் மென்படலம் உள்ளது. தடை அதன் வேகத்தில்தான் இருக்கிறது. இவ்வகை எஞ்சின் தன் முழு வலுவைத் தருவது நிமிடத்துக்கு 7000 சுற்றுகளுக்கு மேல். 53 சென்ரிமீற்றர் பிளேட்டை 8000 சுற்றுகளில் சுழற்றினால் அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 800 கிலோமீற்றர் வேகத்தை எட்டும். எந்தப் பிளேட்டும் அதற்கென்று செய்யப்படவில்லை. வேகத்தைக் குறைத்து ஓட்டினாலோ கிளச் வழுக்கிச் சூடேறிக் கருகிவிடும். மேடும் பள்ளமும், அடக்கக் குழிகளில் நட்ட மீசான் கற்களும் உள்ள நிலத்துக்கு, சில்லு வைத்த புல்வெட்டியைவிட, நைலோன் நாண் பூட்டிய தோள் இயந்திரமே ஏற்றது. அதை அதன் இடத்திலேயே விட்டு, அப்படியே பயன்படுத்துங்கள்.

கேள்வி: பெற்றோல் எஞ்சினுக்குப் பதிலாக, வீட்டில் இருக்கும் ஒன்றரைப் பரிவலு மின்மோட்டாரைப் புல்வெட்டியில் பூட்ட நினைக்கிறேன். சத்தமும் இராது, செலவும் குறையும். உங்கள் கருத்து என்ன?
— ஆசிரியை, களுதாவளை.

பதில்: வேகத்தைப் பொறுத்தவரை உங்கள் எண்ணம் சரியானது. நம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் இருமுனை மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2850 சுற்றுகள் சுழல்கிறது. பிளேட்டுக்கு அது ஏற்ற வேகம். ஆனால் கால் வைத்த மோட்டாரைக் கூட்டின் மேல் நிறுத்த முடியாது. முகப்பில் வளையத் தகடு உள்ள வகை வேண்டும். இந்த அளவு மோட்டார்களின் தண்டு வழக்கமாக 19 மில்லிமீற்றர் விட்டமும் 40 மில்லிமீற்றர் நீளமும், அல்லது 24 மில்லிமீற்றர் விட்டமும் 50 மில்லிமீற்றர் நீளமும் உடையது. கூட்டைத் தாண்டி அடாப்டரையும் பிளேட்டையும் தாங்க அந்த நீளம் போதாது. தண்டு கீழ்நோக்கி நிற்கும்போது மோட்டாரின் விசிறி மேலே வரும் என்பதால், மழைத்துளி நேராக உள்ளே இறங்கும். இத்தனையையும் சரிசெய்தாலும், ஈரப்புல்லில் வயரை இழுத்துக்கொண்டு நடக்க வேண்டிய நிலை மாறாது. புவி இணைப்பும் 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச்சும் இல்லாத வீட்டில் இதற்கு நான் உடன்படமாட்டேன். இருக்கும் வீட்டிலும், சிறிய முற்றத்துக்கு ஆலையில் செய்த மின்புல்வெட்டியை வாங்குவதே செலவிலும் பாதுகாப்பிலும் மேல்.

கேள்வி: எங்கள் கிரிக்கெட் கழகத்திடம் ஆடுகளப் புல்லை ஒட்ட வெட்டும் பழைய உருளைப் புல்வெட்டி உண்டு. அதன் எஞ்சினுக்கு உதிரிப்பாகம் கிடைப்பதில்லை. 5.5 பரிவலுத் தண்ணீர்ப் பம்பு எஞ்சினைப் பூட்டலாமா?
— வாசகர், சம்மாந்துறை.

பதில்: கல்லடி வாசகருக்கு மறுத்த அதே எஞ்சினை உங்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். உருளைப் புல்வெட்டி, இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பியர்ட் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற காலத்திலிருந்தே, கிடையான அச்சில் சுழலும் கத்திகளைக் கொண்டது. ஆகவே அதன் எஞ்சினிலும் தண்டு படுத்தே இருக்கும். செயினோ பெல்ட்டோ வலுவைக் கத்திக்குக் கொண்டுசெல்லும்.

பார்க்க வேண்டியது பம்பு எஞ்சினின் தண்டு நுனி. பம்போடு ஒட்டியே வரும் எஞ்சின்களில், பம்பின் உள்விசிறியைத் திருகி ஏற்றுவதற்காகத் தண்டின் வெளிப்புறத்தில் மரை வெட்டப்பட்டிருக்கும். அதில் கீ போடப் பள்ளம் இராது; பற்சக்கரத்தை நம்பி ஏற்ற வழியில்லை. மரையில் சக்கரத்தைத் திருகி, வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்வார்கள்; அந்தச் சூடு தண்டின் ஒயில் சீலையும் பெயாரிங்கையும் கெடுத்துவிடும். கீப் பள்ளமுள்ள நேர்த்தண்டு எஞ்சினைத் தேடுங்கள். பெல்ட்டால் ஓடும் பம்புகளில் அது இருக்கும். 5.5 பரிவலு வகைகளில் தண்டு 19.05 மில்லிமீற்றராகவும் வரும், 20 மில்லிமீற்றராகவும் வரும். கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல முடியாது. 20க்குக் கடைந்த சக்கரத்தை 19.05 தண்டில் ஏற்றினால், அந்தத் தளர்விலேயே கீ தன் பள்ளத்தைத் தின்றுவிடும்.

சுழலும் திசையையும் உறுதிப்படுத்துங்கள். இன்றைய பம்பு எஞ்சின்கள், தண்டின் நுனியை எதிரே நின்று பார்க்கும்போது, இடஞ்சுழியாகச் சுழல்பவை. பழைய எஞ்சின் வலஞ்சுழியாக இருந்திருந்தால் கத்தி பின்னோக்கிச் சுழன்று, புல்லை வெட்டாமல் வருடிச் செல்லும். அப்போது எஞ்சினைத் திருப்பி மறுபக்கமாக வைக்கவோ, இடையில் ஒரு பற்சக்கரச் சோடியைச் சேர்க்கவோ வேண்டிவரும். மண்ணெண்ணெயில் ஓடும் பம்பு எஞ்சினாயின், அதன் அமுக்க விகிதம் குறைவு. பெற்றோலில் ஓட்டலாம், வலு சற்றுக் குறையும், இந்த வேலைக்கு அது தடையல்ல. உள்ளே சேர்ந்திருக்கும் கரியை மட்டும் சுரண்டித் துப்புரவாக்கிவிடுங்கள்.

பழைய உருளைப் புல்வெட்டிகள் குறைந்த வலுவுக்கென்று கட்டப்பட்டவை என்பதால், கவர்னரின் வேகத்தைக் குறைத்து வையுங்கள். இல்லாவிட்டால் செயினும் கிளச்சும் முதலில் போகும். பழைய கிளச்சைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செயின் கொடுக்க வேண்டாம். கயிற்றை இழுத்த மறுகணமே இயந்திரம் ஓடத் தொடங்கும். செயினுக்கு மேல் தகரக் காப்பு அவசியம். இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் உள்ளனவா என்பதை நேரான இரும்புச் சட்டத்தை இரண்டின் முகத்திலும் வைத்துப் பாருங்கள். முதல் ஒரு மணி நேர வேலைக்குப் பின் அடித்தள போல்ட்டுகளையும் செயினின் தளர்வையும் மறுபடி சோதியுங்கள். புதிய செயின் அதற்குள்ளேயே சற்று நீண்டிருக்கும்.